அது காட்ஜில்லாவே இல்லையாம்

என் பேரன் ஒரு காட்ஜில்லா பைத்தியம். போன வாரம் அவனிடம், "நானும் உங்கப்பாவும் 98-லேயே தியேட்டர்ல காட்ஜில்லா பார்த்தவங்கடா" என்று பெருமையாகச் சொல்லப்போக, "ஐயய்ய, அந்தப் படமா? அது காட்ஜில்லாவே இல்ல தாத்தா" என்று முகத்தைச் சுளித்துவிட்டான்.

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரோலண்ட் எமரிக் எடுத்த அந்த அமெரிக்கப் படத்தில், மிருகம் துப்பாக்கிக்குப் பயந்து நியூயார்க் தெருக்களில் ஓடி ஒளிகிறது. அசல் காட்ஜில்லா யாருக்கும் பயப்படாது. ஜப்பான்காரர்களுக்கே கோபம். உரிமையாளரான தோஹோ கம்பெனி அதற்கு 'ஜில்லா' என்று பெயரை வெட்டி, 2004-ல் வந்த தங்கள் படத்தில் அசல் காட்ஜில்லாவை விட்டுச் சில நொடிகளில் அதன் கதையை முடித்துவிட்டது.

என் குறை வேறு. 1954 மார்ச் 1-ம் தேதி பிகினித் தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்தது. லக்கி டிராகன் என்ற ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் சாம்பல் மழையாகக் கொட்டியது. இருந்த 23 பேரும் நோயில் விழுந்தார்கள். ஒருவர் அந்த ஆண்டே இறந்தார். நவம்பரில் இஷிரோ ஹோண்டாவின் முதல் காட்ஜில்லா படம் வந்தது. பார்த்தவர்களுக்கு அது யார் வெடித்த குண்டு என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 98 படத்திலோ, ஆரம்பத்திலேயே பிரெஞ்சு தேசிய கீதம் ஒலிக்க, பிரான்ஸ் வெடித்த குண்டால் பல்லி பூதமாகிறது. பிரான்ஸும் பசிபிக் தீவுகளில் 1996 வரை வெடித்ததுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அமெரிக்காக்காரன் காட்ஜில்லா கதையை எடுத்துப் பழியைப் பிரெஞ்சுக்காரன் தலையில் போட்டது எனக்கு ஒப்பவில்லை.

அப்படியும் அந்தப் படத்தை என்னால் கழித்துக்கட்ட முடியவில்லை. காரணம், பக்கத்து சீட்டில் இருந்த என் மகன். அவனுக்கு அப்போது ஒன்பது வயது. ஆங்கில வசனம் எனக்கே பாதிதான் புரிந்தது. அவன் முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தான். படம் முழுக்க மழை. முட்டைகள் இருந்த விளையாட்டரங்கத்தின் மேல் விமானங்கள் குண்டு போட்டு, குஞ்சுகளை எல்லாம் எரித்துவிடுகின்றன. தாய் வந்து முகர்ந்து பார்க்கிறது. பிறகு பாலத்தின் கம்பிகளில் சிக்கி, குண்டடிபட்டுக் கண்ணை மூடுகிறது. தியேட்டரில் விசில். இவன் மட்டும், "பாவம்ப்பா, அது என்ன பண்ணுச்சு?" என்றான்.

வீட்டுக்கு வரும் வழியில் இன்னொரு கேள்வி. "நாமளும் குண்டு வெடிச்சோமே, இங்கயும் அது மாதிரி வருமாப்பா?"

அந்த மே மாதம்தான் பொக்ரானில் வெடித்திருந்தோம். ஆபீசில் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். "நாம பூமிக்கு அடியிலதாண்டா வெடிச்சோம், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி ஸ்கூட்டரை ஓட்டினேன். மைசூர்பாகு பற்றி அவனிடம் சொல்லவில்லை.

பேரன் நேற்று 1954 படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினான். எரிகிற டோக்கியோவில் ஒரு பெண், பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, இதோ அப்பாவிடம் போய்விடுவோம் என்று தேற்றுகிறாள். அதுதான் பெரிய படம், சந்தேகமே இல்லை. ஆனால் அதில் எனக்கு மிருகத்தின் மேல் வந்தது பயம். பல்லி என்று எல்லாரும் கேலி செய்யும் 98 படத்தில் வந்தது பரிதாபம். பரிதாபப்படவைத்த படத்தை மட்டம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இரவு மகனுக்குப் போன் போட்டு, அந்தக் கேள்வி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "இல்லியேப்பா. திரும்பி வர்றப்போ நல்லா நனைஞ்சோம், அதான் ஞாபகம்" என்றான். நாங்கள் நனையவே இல்லை. மழை படத்தில்தான் பெய்தது.