விபத்துக்குப் பிறகு ஓட்டுநர் என்ன ஆகிறார்?



லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றது எங்கள் நாமக்கல். விபத்து நடந்தால் எஃப்.ஐ.ஆர்., இன்சூரன்ஸ், பட்டறைச் செலவு, நின்றுபோன வாடகை என எல்லாவற்றையும் பேசுகிறோம். ஸ்டியரிங் பிடித்திருந்தவரின் மனநிலையைக் கேட்பார் இல்லை. கண்ணெதிரே ஓர் உயிர் போனதைப் பார்த்தவர், ஜாமீனில் வந்த கையோடு அடுத்த லோடுக்குக் கிளம்புகிறார். ராத்திரியில் எதிரே ஹெட்லைட் வெளிச்சம் அடித்தாலே கை நடுங்குகிறது. படுத்தால் தூக்கம் வருவதில்லை. பயந்தாங்கொள்ளி என்று கிளீனர்கூடச் சிரிப்பாரோ என வாயைத் திறப்பதில்லை. சிலர் குடித்து மறக்கப் பார்க்கிறார்கள். அது அடுத்த விபத்துக்குத்தான் வழி.

ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலோ, லாரிக்கு பாடி கட்டும் பட்டறையிலோ, கூட வேலை செய்பவர் அடிபடுவதைக் கண்ட தொழிலாளிக்கும் இதே நிலைதான்.

விபத்தில் சிக்கியவருக்குச் சம்பளத்தோடு சில நாள் ஓய்வு கொடுக்கலாம். மறுபடி வண்டி எடுக்கும்போது முதல் சில நடைகளுக்கு இன்னொரு ஓட்டுநரைத் துணைக்கு அனுப்பலாம். நாலு பேர் முன்னால் நிறுத்தி வைத்து விசாரிப்பதைத் தவிர்க்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மனாஸ் சேவையில், 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் இலவச மனநல ஆலோசனை கிடைக்கிறது. லாரி உரிமையாளர் சங்கங்கள் இந்த எண்ணை ஒவ்வொரு புக்கிங் ஆபீஸிலும் வண்டி கேபினிலும் எழுதி வைக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.

- ஒரு வாசகர், நாமக்கல்