கிராம்ஷியின் பள்ளிக்கூடம்

"பையனுக்குப் படிப்பு ஏறவில்லை" என்று எட்டாவதோடு பிள்ளையை வேலைக்கு அனுப்புகிற தகப்பன்மார் நம்மில் இன்றும் இருக்கிறார்கள். அறிவு என்பது சில வீடுகளுக்குப் பிறவியிலேயே வந்த சொத்து என்ற எண்ணம்தான் இதற்கு அடிப்படை. இத்தாலியக் கம்யூனிஸ்ட் தலைவர் அந்தோனியோ கிராம்ஷியின் பிள்ளைப் பருவத்தை அறிந்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள்.

1891ல் சார்டினியாத் தீவில் பிறந்தவர் அவர். ஆடு மேய்ப்பவர்களும் ஏழை விவசாயிகளும் நிறைந்த பூமி. சிறு உத்தியோகஸ்தரான தகப்பனாரை 1898ல் கையாடல் குற்றம் சாட்டிச் சிறையில் தள்ளினார்கள். வீட்டில் ஏழு குழந்தைகள். தாயார் துணி தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். எல்லாப் பாடத்திலும் பத்துக்குப் பத்து வாங்கிய, முதுகு கூனிய அந்தச் சிறுவன், 11 வயதில் நிலப்பதிவு ஆபீசில் வேலைக்குப் போனான். ஞாயிறு காலையும் விடாமல் தினம் 10 மணி நேரம். மாதம் 9 லீரா. நாளைக்கு ஒரு கிலோ ரொட்டிக்குத்தான் காணும். தன்னைவிடக் கனமான பேரேடுகளைச் சுமந்துவிட்டு, ராத்திரியில் உடம்பு வலி தாங்காமல் யாருக்கும் தெரியாமல் அழுதிருக்கிறான்.

கசாப்புக் கடைக்காரர் மகனும் ஜவுளிக் கடைக்காரர் மகனும் தொடர்ந்து படித்தார்கள். பணக்காரர்கள் மேல் தனக்குக் கோபம் பிறந்தது அங்கேதான் என்று 1924ல் மனைவிக்கு எழுதினார். ஆனால் அப்போது அது வர்க்க உணர்வாகவில்லை. இத்தாலியின் பெருநிலத்துக்காரர்களை எல்லாம் தீவைவிட்டு விரட்டினால் போதும் என்றே வாலிபத்தில் நினைத்தார். 1911ல் மாதம் 70 லீரா உபகாரச் சம்பளத்தில் டூரின் சர்வகலாசாலைக்குப் போய், ஆலைத் தொழிலாளர்களோடு பழகிய பிறகே கண் திறந்தது.

1919ல் டூரின் தொழிலாளரை அடக்க சர்க்கார் சார்டினியப் பட்டாளத்தை அனுப்பியது. வேலைநிறுத்தம் செய்பவர்கள் பெரிய பணக்காரர்கள் என்று நம்பி வந்தார்கள் அந்த விவசாயிப் பையன்கள்! கிராம்ஷியும் சார்டினியத் தோழர்களும் ஊர்க்காரர்களாகப் போய் அவர்களிடம் பேசினார்கள். ஜூலை வேலைநிறுத்தத்துக்கு முன்பே பட்டாளத்தை அவசரமாகத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. எந்தச் சர்வகலாசாலை இதைக் கற்றுத் தரும்?

1926ல் முசோலினி சர்க்கார் அவரைச் சிறையிலடைத்தது. அங்கே எழுதி நிரப்பிய நோட்டுப் புத்தகங்களில் பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஆராய்ந்தார். படித்த வீட்டுப் பிள்ளைக்கு உட்கார்ந்து படிக்கும் பழக்கம் வீட்டுக் காற்றிலேயே கிடைக்கிறது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கோ அது புது வேலை. உடம்பும் நரம்பும் பழக வேண்டிய கடின வேலை. கிராமத்திலிருந்து ஆலைக்கு வந்தவன் படும் பாட்டை நகரத்துத் தொழிலாளி மகன் படுவதில்லை, அதுபோலத்தான் என்றார். முதல் நாள் ஷிப்டில் நின்ற காலும் இரைந்த காதும் நமக்கு மறந்தா போயிற்று? அன்று நம்மை யாரும் மக்கு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பவில்லையே.

அதற்காகப் படிப்பை லேசாக்கச் சொல்லவில்லை அவர். 1923ல் முசோலினி சர்க்காரின் கல்வித் திட்டம் மேல்தட்டுக்கு ஒரு பள்ளி, தொழிலாளி பிள்ளைக்குத் தொழில் பழக்கும் வேறு பள்ளி என்று பிரித்தது. பார்வைக்கு ஏழைக்கு உதவுவதுபோல இருக்கும். தகப்பன் நிலைமையை மகன் தலையிலும் எழுதிவைக்கும் ஏற்பாடு இது என்று கண்டுகொண்டார் கிராம்ஷி. எல்லோருக்கும் ஒரே பொதுப் பள்ளி, செலவு சர்க்காருடையது, படிக்க இடமில்லாத பிள்ளைக்குப் பள்ளியிலேயே தங்குமிடம், சாப்பாடு, நூலகம் வேண்டும் என்றார்.

பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்குள், படிப்பை நிறுத்திய பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒவ்வொரு யூனியன் கிளையும் விவசாயத் தொழிலாளர் கிளையும் தெருத்தெருவாகக் கணக்கெடுக்க வேண்டும். சங்க ஆபீசில் ராத்திரி ஒரு விளக்குக்கும் நாலு பெஞ்சுக்கும் இடமில்லையா, தோழர்களே?