"ஒரு நாள் தானே" என்கிறீர்கள். யாருக்கு ஒரு நாள்?



ஹேவாஹெட்டயிலும் சுற்றுவட்டத்திலும் இருக்கும் நம் உறவுகளுக்கு இதை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். அடுத்த கல்யாணக் காலம் தொடங்க முன் பேசியாக வேண்டிய விஷயம் என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

இப்போது கல்யாணம் பேசும்போதே மண்டபம், சாப்பாடு, வீடியோ என்ற வரிசையில் டீஜேயும் வந்துவிடுகிறது. மருதாணி இரவுக்கு ஒன்று, வலீமாவுக்கு ஒன்று. லொறியில் பேஸ் பொக்ஸ் வந்து இறங்கினால் தான் அது கல்யாண வீடு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். டீஜே இல்லாவிட்டால், "என்ன, மையித்து வீடு மாதிரி இருக்கு" என்று கேட்பதற்கும் ஆள் இருக்கிறது.

இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்கு நாம் இங்கே வரவில்லை. அதை உலமாக்கள் பேசட்டும். எந்த ஆலிமும் கருத்து வேறுபாடு கொள்ளாத ஒரு விஷயத்தை மட்டும் கேட்கிறோம்: பக்கத்து வீட்டானின் தூக்கத்தைப் பறிக்க நமக்கு யார் உரிமை தந்தது?

நம் ஊர் மலையும் பள்ளமுமான ஊர். கீழே போடும் பாட்டு எதிர் மலையில் பட்டுத் திரும்பி வரும். மேலே லயன்களில் இருக்கும் தாய்மார் விடியற்காலையில் எழும்பி, சமைத்து வைத்துவிட்டு, பிரட்டுக்குப் போக வேண்டியவர்கள். சிங்கள அயலவர் வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு வயோதிபர் இருப்பார். இன்னொரு வீட்டில் புலமைப்பரிசிலுக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும். இவர்களில் ஒருவருக்கும் நம் வீட்டு அழைப்பிதழ் போகவில்லை. சத்தம் மட்டும் போகிறது.

"ஒரு நாள் தானே சேர், பொறுத்துக்கொள்ளட்டும்" என்கிறார்கள். உங்களுக்கு அது ஒரு நாள். கல்யாணக் காலத்தில் இந்த வாரம் உங்கள் வீடு, அடுத்த வாரம் இன்னொரு வீடு. கேட்டுக்கொண்டே இருப்பவனுக்கு எத்தனை நாள்?

நாட்டுச் சட்டமும் நமக்கு நன்றாகத் தெரிந்தது தான். 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாது என்று கட்டளையிட்டது. அந்த வழக்கு எதைப் பற்றியது என்று நம் இளைஞர்களில் பலருக்குத் தெரியாது. வெலிகமையில் ஒரு ஜும்ஆப் பள்ளிவாசலின் ஒலிபெருக்கி பற்றியது அது. பாங்கு விஷயத்திலேயே சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டிய சமூகம், இரவு பதினொன்றரைக்கு சினிமாப் பாட்டைப் போட்டு மலையை அதிர வைக்கிறது. நாளைக்கு யாராவது வந்து, "உங்கள் பாங்கு எங்களுக்குத் தொந்தரவு" என்று சொன்னால், எந்த வாயால் பதில் சொல்வோம்?

2018 மார்ச்சில் திகனயிலும் தெல்தெனியவிலும் கண்டி மாவட்டத்தின் மற்ற ஊர்களிலும் நம் மக்கள் பட்டது மறக்கக் கூடியதல்ல. அதற்குப் பிறகு அயலவர்களோடு உறவைக் கட்ட எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை இப்தார் வைத்தோம். ஒரே இரவில் நாலு பேஸ் பொக்ஸ் அதைக் கரைத்துவிடும். பயந்து ஒடுங்கி வாழச் சொல்லவில்லை. அயலவனை நோவினை செய்யக் கூடாது என்பது பயத்தில் வந்த சட்டமல்ல, நம் மார்க்கம் கற்றுத் தந்தது.

பாங்கு சொல்லும்போது டீஜே பாட்டை நிறுத்துகிறார், அதை மரியாதை என்கிறோம். பாங்கு முடிந்ததும், ஜமாஅத் தொழுகை நடக்கும் அதே நேரத்தில், மீண்டும் தொடங்குகிறார். இது என்ன மரியாதை?

ஆசிரியர்களாகிய நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. சின்னப் பிள்ளைகள் பொக்ஸுக்கு முன்னாலேயே நின்று ஆடுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணித்தியாலம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் 4 மணித்தியாலம் தான். 100 டெசிபலுக்குப் போனால் அரை மணித்தியாலம் கூட இல்லை. நம் கல்யாணங்களில் மூன்று நாலு மணித்தியாலம் அடிக்கிறார்கள். கெட்டுப்போன காது நரம்பு திரும்ப வளராது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு பிள்ளைகள் காசு சேர்த்து டீஜே பிடிக்கிறார்கள் என்று பெற்றோர் நம்மிடம் முறையிடுகிறார்கள். அந்தப் பழக்கத்தை அவர்கள் பாடசாலையில் படிக்கவில்லை. சாச்சாவின் கல்யாணத்தில் பார்த்தார்கள்.

காசைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிக்காஹ் பதிவில் எழுதும் மஹர் தொகையையும் டீஜேக்குக் கொடுத்த தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில கல்யாணங்களில் டீஜேயின் சம்பளம் தான் கூட. பொண்ணுக்கு வாழ்நாள் முழுக்கச் சொந்தமானதைக் குறைத்துப் பேசிவிட்டு, விடிந்தால் மறந்துபோகும் சத்தத்துக்கு அள்ளிக் கொடுக்கிறோம். அந்தச் செலவும் பல இடங்களில் பொண்ணு வீட்டார் தலையில் தான்.

சந்தோஷமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ருபைய்யிஃ (ரழி) அவர்களின் கல்யாணத்தில் சிறுமிகள் தஃப் அடித்துப் பாடியபோது நபி (ஸல்) அவர்கள் அங்கே அமர்ந்திருந்தார்கள் என்பது புகாரியில் உள்ள செய்தி. நம் நாட்டு முஸ்லிம்களிடமும் றபான் இருந்தது, பைத் இருந்தது, களிகம்பு இருந்தது. அவை கல்யாண வீட்டை நிறைத்தன. அயல் வீட்டுக் கூரையை அதிர வைக்கவில்லை.

டீஜே செய்யும் தம்பிமாரோடும் நமக்குக் கோபம் இல்லை. லீசிங் போட்டு சாமான் வாங்கிப் பிழைக்கிறார்கள். அவர்கள் தாமாக வருவதில்லை, அழைத்துக் காசு கொடுப்பது கல்யாண வீடு. சத்தத்தைக் கூட்டச் சொல்வதும் கல்யாண வீடு தான்.

ஆகவே மூன்று விஷயங்களைக் கேட்கிறோம். நிக்காஹுக்குத் திகதி எடுக்க வரும்போதே பள்ளிவாசல் நிர்வாகம் இரு வீட்டாரோடும் இதைப் பேச வேண்டும். தண்டப் பணம் வேண்டாம், ஊர் விலக்கு வேண்டாம், பேசினால் போதும். ஒலிபெருக்கி வைத்தே ஆக வேண்டும் என்றால் மண்டபத்துக்குள் மட்டும் கேட்கும் அளவில் வைத்து, இஷாவுக்கு முன் முடியுங்கள். கல்யாணத்துக்கு முந்திய நாள், எந்த மதத்தவராக இருந்தாலும் சுற்றியுள்ள வீடுகளுக்கு ஒரு பார்சல் சாப்பாட்டோடு போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

வசதியுள்ள வீடுகள் முதலில் நிறுத்தினால் தான் இல்லாத வீடுகள் தப்பும். பெரிய வீடு போட்டால் சின்ன வீடு கடன் வாங்கியாவது போடும். இந்த வருடம் பிள்ளைக்குக் கல்யாணம் வைத்திருப்பவர்கள், உங்கள் வீட்டிலிருந்து தொடங்குங்கள்.

கருத்து வேறுபாடு இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம். யாருடைய வீட்டுக் கல்யாணத்தையும் பெயர் சொல்லி எழுத வேண்டாம்.