499 ரூபாய்க்கு 'லைஃப்டைம்' விண்டோஸ்: யாரோட லைஃப்?

கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா படிங்க. "டாக்டருக்கு எதுக்கு சாஃப்ட்வேர் பஞ்சாயத்து"ன்னு கேக்கறவங்க முதல்ல இந்தக் கேஸைப் பாருங்க.

ஓபில ஒரு லாரி டிரைவர். அம்பது தாண்டின வயசு, ஒம்பது வருஷமா சுகர். நாலு நாளா வயித்துப்போக்கு. கூடவே முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்ல சொல்லி வாங்கின வலி மாத்திரை. கிரியாட்டினின் 3.4.

இந்த ஒரு நம்பரை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுங்க. போன மாசம் 1.1 இருந்து இப்ப 3.4ன்னா, தண்ணி வத்தி, மாத்திரையும் சேர்ந்து கிட்னியை அடிச்சிருக்கு, பெரும்பாலும் மீட்டுடலாம். ரெண்டு வருஷமாவே 3.2ன்னா கதையே வேற. ஸ்கேன்ல கிட்னி சுருங்கியிருந்தா பழைய வியாதின்னு சொல்லலாம். ஆனா சுகர்காரங்களுக்கு வியாதி பழசா இருந்தாலும் சைஸ் நார்மலாவே தெரியும். இவருக்கும் நார்மல்தான். ஆக, பழைய ரிப்போர்ட் வேணும்.

"அண்ணா, பழைய ரிப்போர்ட் இருக்குங்களா?"

"பேப்பரெல்லாம் வீசிட்டனுங் சார். லேப்காரர் கம்ப்யூட்டர்லயே இருக்குதுன்னாரு. மூணு வருசமா அங்கதான் பாக்கறேன்."

நாமக்கல் பக்கம் ஒரு சின்ன ஊர் லேப். போன் பண்ணேன். லேப்காரத் தம்பிக்குக் குரலே வரல. "சார், எல்லாம் போச்சுங்க. ஒரு ஃபைலும் திறக்கல. பணம் கேட்டு மெசேஜ் வந்துருக்கு."

எப்படின்னு விசாரிச்சா, ஆன்லைன்ல விண்டோஸ், ஆபிஸ் ரெண்டும் சேர்த்து 499 ரூபாய், "யூஸ்டு லைசென்ஸ், ஒரிஜினல், லைஃப்டைம்". கீ போட்டார், எரர் வந்தது. விற்றவன் வாட்ஸப்ல வந்து, "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க, ரிமோட் ஆப் போட்டு நம்பர் சொல்லுங்க, நானே ஆக்டிவேட் பண்ணித் தர்றேன்"னான். பண்ணிக் கொடுத்தான். விண்டோஸும் ஓடுச்சு. மூணு வாரம்.

முன்பின் தெரியாதவன்கிட்ட வீட்டுச் சாவியைக் கொடுத்து, நாயையும் நாமளே கட்டிப் போட்ட மாதிரிங்க இது.

நானும் யோக்கியன் இல்ல. அதையும் சொல்லிடறேன். பிஜி என்ட்ரன்ஸுக்குப் படிச்சப்ப 350 ரூபாய்க்கு ஆபிஸ் வாங்கினேன். கீ வரல, ஒரு யூசர்நேமும் பாஸ்வேர்டும் வந்தது. ஏதோ வெளிநாட்டுக் காலேஜ் பேர்ல இருந்த அக்கவுன்ட். நோட்ஸ் மொத்தத்தையும் அதோட கிளவுட்லதான் வச்சேன். அஞ்சு மாசத்துல அக்கவுன்ட் காலி, நோட்ஸும் காலி. அப்புறம்தான் புரிஞ்சது, அந்தக் காலேஜ் அட்மின் நினைச்சா என் ஃபைலைத் திறந்து பாத்திருக்கலாம்னு. நோட்ஸோட போச்சு. நோயாளி விவரம் எதையாவது வச்சிருந்தா?

சரி, 499க்கு விக்கற சரக்கு எங்கிருந்து வருது? நம்ம ஆஸ்பத்திரி மாத்திரை அட்டைல "அரசு சப்ளை, விற்பனைக்கு அல்ல"ன்னு அச்சடிச்சிருக்கும். அது வெளிக்கடைல ரெண்டு ரூபாய்க்குக் கிடைச்சா என்ன சொல்வீங்க? மாத்திரை ஒரிஜினல்தான், வந்த வழிதான் திருட்டு. இதுவும் அதேதான். ஒரு கம்பெனியோ காலேஜோ மொத்தமா வாங்கின வால்யூம் கீயை உருவி, ஒரே கீயைப் பல பேருக்கு விக்கறாங்க. மைக்ரோசாஃப்ட் அந்தக் கீயைத் தடை பண்ற அன்னிக்கு எல்லாருக்கும் சேர்ந்து போயிடும். இன்னொரு வகை கேஎம்எஸ். கம்பெனியோட சர்வர்கிட்ட 180 நாளைக்குள்ள ஒரு தடவையாவது உறுதி வாங்கணும். அந்த சர்வர் மாதிரியே உங்க கம்ப்யூட்டர்லயே ஒரு போலி சர்வரை உட்கார வைக்கத்தான் "ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணுங்க"ங்கறான்.

பழசு வாங்கறதே தப்புன்னு நான் சொல்லல. பழைய லேப்டாப்ல அதோட வந்த விண்டோஸ் அதோடயே இருந்தா சரி. அது அந்த மெஷினுக்குக் கொடுத்தது. அதைப் பிரிச்சு வெறும் 25 எழுத்தா வாட்ஸப்ல அனுப்பினா, அதுதான் தப்பு.

உடனே ஒருத்தர் வருவார், "ஐரோப்பால கோர்ட்டே செல்லும்னு சொல்லிடுச்சு தெரியுமா"ன்னு. தெரியும். 2012 ஜூலை 3, யூஸ்டுசாஃப்ட் - ஆரக்கிள் வழக்கு. முழுசாப் படிச்சீங்களா? காலவரம்பு இல்லாம வாங்கின லைசென்ஸை விக்கலாம், ஆனா விக்கறவன் தன்கிட்ட இருக்கற காப்பியைப் பயன்படுத்த முடியாதபடி பண்ணணும். மொத்தமா வாங்கினதைப் பிச்சுப் பிச்சு விக்கக் கூடாதுன்னும் அதே தீர்ப்புதான் சொல்லுது. நம்ம காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவுல, திருட்டுக் காப்பின்னு தெரிஞ்சே பயன்படுத்தினா 7 நாள்ல இருந்து 3 வருஷம் வரை ஜெயில், 50,000ல இருந்து 2 லட்சம் வரை அபராதம். தொழிலுக்காக இல்லாம வீட்டுக்குப் பயன்படுத்தினா கோர்ட் ஜெயில் இல்லாம விடலாம். லேப் நடத்தறது தொழில்ங்க.

"பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் வைரஸ் வரும், நமக்கெதுக்கு"ங்கறதும் சரியில்ல. 2022 நவம்பர்ல டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கி, நாள்கணக்கா எல்லாத்தையும் கையால எழுதினாங்க. 2017 மே மாசம் வானாக்ரை இங்கிலாந்து அரசு ஆஸ்பத்திரிகள்ல பூந்து ஆயிரக்கணக்கான அப்பாயின்ட்மென்ட் ரத்தாச்சு. அதுக்கான அப்டேட் ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருந்தது. பல கம்ப்யூட்டர்ல போடல, அவ்வளவுதான். 499 ரூபாய்க்காரன் முதல்ல நிறுத்தச் சொல்றதே அப்டேட்டைத்தான். "அப்டேட் போட்டா ஆக்டிவேஷன் போயிடும் சார்."

காசில்லன்னா என்ன பண்றதுன்னு கேட்டா, அது நியாயமான கேள்வி. பல ஆயிரம் கொடுத்து ஆபிஸ் வாங்கச் சொல்ல நான் யாரு? லிப்ரே ஆபிஸ் இலவசம், தமிழ்லயே கிடைக்குது. லினக்ஸ் இலவசம், அரசு கொடுத்த இலவச லேப்டாப்கள்லயே பாஸ் லினக்ஸ் இருந்தது, நம்ம பசங்கதான் அதைத் திறந்தே பாக்கல. விண்டோஸ்தான் வேணும்னா பில்லோட வாங்குங்க. ஜிஎஸ்டி பில் தராதவன்கிட்ட மருந்தும் வேண்டாம், கீயும் வேண்டாம். ஏற்கெனவே ரிமோட் ஆப் போட்டுக் கொடுத்திருந்தா உடனே நெட்டைத் துண்டிங்க. வேற போன்ல இருந்து பேங்க், மெயில் பாஸ்வேர்டை மாத்துங்க. பணம் போயிருந்தா 1930க்கு அடிங்க, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

லேப்காரத் தம்பி பணம் கட்டல. கட்டினாலும் ஃபைல் திரும்பும்னு உத்தரவாதம் இல்ல. விண்டோஸை அழிச்சுப் புதுசாப் போட்டார். இப்ப தினமும் சாயங்காலம் வெளி ஹார்ட் டிஸ்க்ல பேக்கப் எடுத்து, கழட்டி பீரோல வச்சுப் பூட்டறார். மூணு வருஷ ரிப்போர்ட் போனது போனதுதான்.

அந்த அண்ணனோட விஷயத்துக்கு வர்றேன். அட்மிட் பண்ணி, வலி மாத்திரையை நிறுத்தி, ட்ரிப்ஸ் போட்டோம். ரெண்டாம் நாள் அவர் பொண்ணு திருச்செங்கோட்டுல இருந்து வந்துச்சு. அது போன்ல, ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ரிப்போர்ட்டை எதேச்சையா எடுத்த போட்டோ. கிரியாட்டினின் 1.1. அதுவரைக்கும் எங்க வார்டுல பாதிப் பேர் "சுகர் கிட்னி, டயாலிசிஸ்க்குத் தயார் பண்ணச் சொல்லிடலாமா"ன்னுதான் பேசிட்டிருந்தோம், நானும் சேர்த்துத்தான்.

போன வாரம் ரிவ்யூவுக்கு வந்தார். 1.2. கைல ஒரு மஞ்சப்பை, உள்ள ரிப்போர்ட் மட்டும். "இனிமே பேப்பர்தானுங் சார்"ன்னார்.