வரைபடத்திலேயே விலை

மல்லாங்கிணறு, அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய வானம் பார்த்த சீமையில், செலவுக் கணக்குப் பாராமல் கிணறு வெட்டத் துணிபவர் அரியர். அருப்புக்கோட்டை நெசவாளர் பாவு ஓட்டுமுன்பே நூல் இவ்வளவு, சாயம் இவ்வளவு, கூலி இவ்வளவு என்று சொல்லிவிடுவார். அதே சீமையிலிருந்து கல்லூரிக்குச் சென்று மின்சுற்றுப் பலகைகளை வரையக் கற்கும் நம் வாலிபர்களுக்கோ, வரைபடத்தோடு விலையையும் மதிப்பிடும் பழக்கம் ஊட்டப்படுவதில்லை.

இப்பலகையின் விலை ஆலையில் நிர்ணயமாவதாக எண்ணுவது பிசகு. 18 அங்குல அகலமும் 24 அங்குல நீளமும் உள்ள தகடு ஒன்றை எடுத்துக் கொள்வோம். ஓரம் போக உபயோகமாவது 16க்கு 22 அங்குலம். வெட்டும் இடைவெளி உட்பட 8க்கு 5½ அங்குலமுள்ள பலகை அதில் எட்டு அடங்கும். வரைபவர் நீளத்தில் கால் அங்குலம் கூட்டிவிட்டால், எப்படித் திருப்பி வைத்தாலும் ஆறுதான். மிச்சம் கழிவு, அதன் கிரயத்தையும் வாங்குபவரே கொடுக்கிறார். 0.3 மில்லிமீட்டர் துளை போதுமான இடத்தில் 0.15 கேட்டால் துளையூசி அடிக்கடி ஒடியும். அடுக்கித் துளையிடும் தகடுகளின் எண்ணிக்கையும் குறையும். நான்கு அடுக்குகளை ஆறாக்கினால் அரிப்பதும் சோதிப்பதும் அழுத்துவதும் பெருகும். இவையெல்லாம் அவசியமான இடமும் உண்டு. அவசியமா என்று கேட்காமலே வரைவதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

மின்னணு உறுப்புகளின் உற்பத்திக்காக 2025 மார்ச்சில் இந்திய சர்க்கார் 22,919 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை அங்கீகரித்தது. அவ்வாண்டு அக்டோபரில் முதன்முதலாக அனுமதி பெற்ற ஏழு தொழில்களுள் ஐந்து தமிழ்நாட்டுக்கு வந்தன. மின்சுற்றுப் பலகையும் அவற்றில் சேர்ந்தது. மகிழ்ச்சியே. ஆனால் சீன ஆலைகள் பலருடைய மாதிரிகளை ஒரே தகட்டில் சேர்த்து அடித்து மலிவாகத் தருவதோடு, தங்கள் அளவுகளையும் துளை வரம்பையும் விலை விகிதத்தையும் எவரும் காணும்படி வெளியிடுகின்றன. வரைபவர் அந்த அளவுக்கே வரைகிறார். ஆர்டரும் அங்கேயே போகிறது. பிறகு உள்நாட்டு விலை அதிகமென்று புலம்புவதில் பயனென்ன?

பொதுஜனப் பணத்தில் ஊக்கத்தொகை பெறும் ஒவ்வோர் ஆலையும் தன் தகட்டளவையும் வரம்புகளையும் விலை விகிதத்தையும் பகிரங்கப்படுத்த வேண்டுமென்று சர்க்கார் நிபந்தனை விதிக்க வேண்டும். கல்லூரிகளும், விலைமதிப்பு இணைக்கப்படாத வரைபடத்தைப் பரீக்ஷையில் ஏற்கலாகாது.