சுண்ணாம்புச் சுவரும் வைஃபையும்

புதுச்சேரி வைசியாள் வீதியின் பழைய வீடுகளுக்குக் கனத்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு. வெயிலை உள்ளே விடாத அந்தச் சுவர் வைஃபையையும் விடுவதில்லை. கூடத்தில் ரவுட்டர் பச்சை விளக்கோடு கண்சிமிட்டும். முற்றம் தாண்டிய பின்கட்டில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கும். வீட்டுக்காரர் உடனே கம்பெனியை மாற்றக் கிளம்பிவிடுகிறார்.

முதலில் லேப்டாப்பை லேன் கேபிளால் நேரே ரவுட்டரில் இணைத்து வேகத்தைப் பார்க்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் 90-ஐத் தாண்டினால், பழி இணைப்பின் மேல் இல்லை. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவர் தாண்டத் திணறும், பின்கட்டுக்கு 2.4 தேவலை. அதற்கும் மசியாவிட்டால் அங்கே கேபிள் இழுத்து இன்னொரு ரவுட்டர் வைப்பதுதான் வழி.

கேபிளிலும் வேகம் படுத்தால்? காலையில் ஒருமுறை, இரவு 9 மணிக்கு ஒருமுறை சோதிக்கலாம். இரவில் மட்டும் குறைந்தால் பெரும்பாலும் நெரிசல். மாதக் கடைசியில் மட்டும் குறைந்தால் டேட்டா வரம்பு தீர்ந்திருக்கும்.

சட்டத்தை நம்பிப் பயனில்லை. 2023 ஜனவரியில்தான் பிராட்பேண்டின் குறைந்தபட்ச வேகம் 512 கேபிபிஎஸிலிருந்து 2 எம்பிபிஎஸ் ஆனது. அந்த 2-ம் இன்று கேலிக்கூத்து!

மாறுவதென்றால் விளம்பர வேகத்தை விட, பக்கத்து வீட்டார் பேச்சே பெரிது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் ஊரை மூழ்கடித்தபோது யார் இணைப்பு முதலில் திரும்பியது என்று கேட்கலாம். செல்போன் எண் போல பிராட்பேண்டைப் போர்ட் செய்ய வழியில்லை. புதியது ஓடத் தொடங்கிய பிறகே பழையதைத் துண்டிப்பது நல்லது.