இரண்டு மஞ்சள் சுடர்கள்



ஐப்பசி அடைமழையின்போது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தோம். வீட்டுத் தலைவர் பட்டு நூலுக்குச் சாயமேற்றுபவர். பின்கட்டில் ஒடுக்கமான ஓர் அறை. அதில் எரிவாயு அடுப்பின்மேல் பெரிய பாத்திரத்தில் நூல் வெந்துகொண்டிருந்தது. சாரல் அடித்துச் சுடரை அணைத்துவிடுகிறதென்று சன்னலைப் பலகையால் இறுக அடைத்திருந்தார்கள்.

நம்மைக் கண்டதும் அவர் ஒரு முறையீட்டோடு தொடங்கினார். "சாமி, இந்த கேஸிலே என்னமோ கலக்குறாங்க. நீலமா எரிய வேண்டியது மஞ்சளா எரியுது, பாருங்க!"

குனிந்து பார்த்தோம். பாத்திரத்து நீர் பொங்கி வழிந்து அடுப்பில் சொட்டும் போதெல்லாம் சுடர் பளிச்சென்று மஞ்சளாயிற்று. சற்றுப் பொறுத்து நீலத்திற்குத் திரும்பிற்று. வாயுவில் குற்றமில்லை. குற்றவாளி பாத்திரத்துக்குள் இருந்தது.

கச்சாப் பட்டு நூலின் எடையில் நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்கு செரிசின் என்னும் பிசின். அதை நீக்கினாலன்றி நூலுக்கு மென்மையும் பளபளப்பும் வாரா. சாயமும் சீராகப் பிடியாது. ஆகையால் சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த நீரில் நூலை வேகவைக்கிறார்கள். சலவைச் சோடா என்பது சோடியம் கார்பனேட் என்னும் உப்பு. அதன் மிதமான காரத்தன்மை பிசினைக் கரைத்து, பட்டிழையை விட்டுவிடுகிறது. அதற்குப் பதிலாகக் காஸ்டிக் சோடாவைத் தாராளமாகப் போட்டால் இழையே அரிக்கப்படும்.

இந்தச் சோடா நீர் சுடரில் பட்டதும், உப்பு எரிவதில்லை. அதிலுள்ள சோடியம் வெப்பத்தை உள்வாங்கி, உடனே அதை மஞ்சள் ஒளியாக வெளியிடுகிறது. உலை பொங்கும்போது சமையலுப்பும் இதையே செய்யும்; அதிலும் சோடியமே உண்டு. மேல்நிலைப் பள்ளியில் உப்புப் பகுப்பாய்வு செய்த பிள்ளைகளுக்கு இது பழைய கதை. வெடியுப்பிலுள்ள பொட்டாசியம் இளம் ஊதா, மயில்துத்தத்திலுள்ள செம்பு பச்சை, கால்சியம் செங்கல் சிவப்பு என்று உலோகங்கள் பலவும் சுடரில் தத்தம் நிறத்தைக் காட்டும். ஜெர்மனியில் பன்சனும் கிர்க்காஃபும் இந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தே 1860இல் சீசியம் என்னும் புதிய தனிமத்தைக் கண்டறிந்தார்கள்.

மஞ்சளைக் கண்டு ஏமாந்தவர் நம் சாயக்காரர் மட்டுமல்லர். 1868 ஆகஸ்ட் 18ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தைக் காண அறிஞர்கள் குண்டூர் முதலிய இடங்களில் கூடினார்கள். அப்போது சூரிய ஒளியில் தென்பட்ட மஞ்சள் கோடொன்றைச் சோடியத்தினுடையது என்றே பலர் முதலில் எண்ணினார்கள். அது ஹீலியம் என்னும் புதிய தனிமத்தினுடையது என்று பின்னரே தெளிவாயிற்று.

இவ்வளவும் சொல்லி அவரைத் தேற்றிவிட்டுப் புறப்பட்டிருப்போம். அப்போதுதான் பாத்திரத்தின் அடிப்பாகம் கண்ணில் பட்டது. கன்னங்கரேல் என்று புகைக்கரி! சோடியம் கரி பிடிக்கச் செய்யாது. மீண்டும் அடுப்பைக் கவனித்தோம். ஒரு பக்கத்தில், நீர் சொட்டாத வேளையிலும், சுடரின் நுனி மஞ்சளாகவே நீண்டு ஆடிக்கொண்டிருந்தது.

இது வேறு மஞ்சள். சிலிண்டரில் உள்ளவை பெரும்பாலும் புரொப்பேன், பியூட்டேன் என்னும் ஹைட்ரோகார்பன்கள். ஒரு படி வாயு முழுதும் எரிய ஏறத்தாழ 24 முதல் 31 படி காற்று வேண்டும். அது கிடைத்தால் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகும். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து முடியும்போது 22 லிட்டருக்கு மேல் தண்ணீர் பிறக்கிறது என்றால் நம்புவீர்களா? குளிர்ந்த பாத்திரத்தை அடுப்பில் ஏற்றியதும் அதன் வெளிப்புறம் வியர்ப்பது இந்த நீரால்தான்.

காற்று போதாவிட்டால் கரி முழுதும் எரியாது. அதன் நுண்துகள்கள் பழுக்கக் காய்ந்து மஞ்சளாக ஒளிர்ந்து பாத்திரத்தில் ஒட்டும். கூடவே கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயுவும் பிறக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. சிலிண்டர் கசிந்தால் எச்சரிக்கும் அந்த நாற்றம்கூட வாயுவில் வேண்டுமென்றே சேர்க்கப்படுவது. இந்த நச்சுக்கு அப்படி எதுவும் இல்லை. இரத்தத்தின் செந்நிறப் பொருளோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேலான பிடிப்புடன் அது ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கமும் குமட்டலும். உறங்குபவர் எழாமலே போவதும் உண்டு.

"வீட்டில் யாருக்கேனும் தலைவலி உண்டா?" என்று கேட்டோம். அவர் பதில் சொல்லுமுன், நூலைத் திருப்பிக்கொண்டிருந்த அவருடைய வயதான தாயார், "எனக்குத்தான் சாமி, இந்த மழை ஆரம்பிச்சதிலிருந்து. குளிரு தாங்கலேன்னு நெனச்சேன்" என்றார். வெளியே போனால் தணிந்துவிடுகிறதாம்.

அடுப்பை அணைக்கச் சொல்லிப் பலகையைப் பெயர்த்தோம். ஆறியபின் அடுப்பின் தலையைக் கழற்றிப் பார்த்தால், ஒரு பக்கத்துத் துளைகள் வெள்ளையாக அடைந்து கிடந்தன. வழிந்த சோடா நீர் வற்றி, உப்பு இறுகியிருந்தது. அடைந்த அடுப்பு தனக்கு வேண்டிய காற்றை இழுத்துக்கொள்ளாது. ஆக, தீங்கற்ற அந்த முதல் மஞ்சளே நாளடைவில் இரண்டாவது மஞ்சளை வரவழைத்திருக்கிறது. உப்பு வெந்நீரில் கரையக்கூடியது. அதில் ஊறவைத்து, ஊசியால் துளைகளைக் குத்தித் துடைத்ததும் சுடர் சுற்றிலும் நீலமாயிற்று.

"இனிப் பலகையை மூடிக்கலாமா, சாமி?" என்றார் அவர். கூடாதென்றோம். அடைத்த அறையில் ஆக்ஸிஜன் குறையக் குறைய, துப்புரவான அடுப்பும் நஞ்சைக் கக்கத் தொடங்கும். மேலும், பொங்கிய நீர் சுடரை அணைத்துவிட்டால் வெளியேறும் வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போகாமல் தரையோடு தேங்கும். சன்னலோடு, தரையை ஒட்டிய கதவும் திறந்திருக்க வேண்டும். தாயாரை அன்றே மருத்துவரிடம் காட்டச் சொல்லிவிட்டு வந்தோம்.

கார்த்திகையில் மறுபடியும் அவ்வழியே போனோம். சன்னல் திறந்திருந்தது. சாரல் படாதபடி வெளிப்புறத்தில் ஒரு தகரத்தைச் சாய்வாகப் பொருத்தியிருந்தார். பாத்திரமும் மாறியிருந்தது, பொங்கினாலும் வழியாத அளவுக்கு விளிம்பு உயர்ந்தது.